செப்புக்கம்பிச் சுருளும் கொழும்பின் வானொலி மரபும்

இலங்கையின் வானொலி வரலாறு இதுகாறும் தாபனங்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த நிலையம் திறக்கப்பட்டது, திறந்து வைத்த தேசாதிபதி யார், பின்னர் அது எந்தத் திணைக்களத்தின் கீழ் வந்தது என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைகின்றன. ஒலிபரப்பியோரை நாம் அறிவோம். கேட்டோரை அறியோம். கேட்பதற்கான கருவியைத் தம் கையாலேயே செய்துகொண்டோரைப் பற்றியோ ஒரு வரி தானும் எழுதினோமில்லை. இக்கட்டுரை அக்குறையை முற்றாக நீக்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. எனினும், ஒரு செப்புக்கம்பிச் சுருளும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்த எளிய சுற்று எவ்வாறு ஆய்வுகூடத்திலிருந்து வீட்டு மேசைக்கு வந்தது, கொழும்பின் வரலாற்றில் அதற்குரிய இடம் யாது, அதனைக் கலைப்பீட மாணவர் கருத்திற் கொள்ள வேண்டுவது ஏன் என்னும் மூன்று வினாக்களை ஒருங்கே எழுப்புவது இதன் நோக்கமாகும்.

பரிவு என்னும் சொல்

ஆங்கில நூல்கள் ஒத்த அதிர்வு என்னும் பொருளில் வழங்கும் கலைச்சொல்லுக்கு இலங்கையின் தமிழ்ப் பௌதிக நூல்கள் 'பரிவு' என்று பெயரிட்டன. தமிழகத்தார் 'ஒத்ததிர்வு' என்பர். அவர்கள் 'அதிர்வெண்' என்பதை நாம் 'மீடிறன்' என்கின்றோம். இவ்விரு வழக்குகளுள் எது சிறந்தது என்ற வாதம் இங்கு வேண்டியதன்று. ஆயினும் பரிவு என்னும் சொல்லின் நயம் கவனிக்கத்தக்கது. ஒருவர் துயரைக் கண்டு மற்றொருவர் நெஞ்சம் தானே நெகிழ்வதைப் பரிவு என்கின்றோம். ஒரே சுருதியில் அமைந்த இரு தந்திகளுள் ஒன்றை மீட்டினால், தொடப்படாத மற்றையதும் தானே அதிர்கின்றது. சுருதி விலகியிருப்பின் எத்துணை வலிந்து மீட்டினும் அது வாளா இருக்கும்.

மின்சுற்றிலும் நிகழ்வது இதுவே. கொள்ளளவியில் ஏற்றம் சேர்ந்து நிற்கின்றது. அது சுருளின் வழியே பாயும்போது காந்தப்புலம் தோன்றுகின்றது. அப்புலம் தளரும்போது மின்னோட்டத்தை மேலும் செலுத்திக் கொள்ளளவியை எதிர்த்திசையில் நிரப்புகின்றது. ஊஞ்சல் இருபுறமும் சென்று மீள்வது போல ஆற்றல் இவ்விரண்டிற்குமிடையே ஊசலாடுகின்றது. ஊஞ்சலின் காலத்தைக் கயிற்றின் நீளம் தீர்மானிக்கின்றது. மின்னூசலின் காலத்தைத் தீர்மானிப்பன சுருளின் தூண்டுதிறனும் கொள்ளளவியின் கொள்ளளவமும் ஆகும். அவ்விரண்டையும் பெருக்கி, வர்க்கமூலங்கண்டு, இரண்டு 'பை'யாற் பெருக்கி, அத்தொகையால் ஒன்றை வகுத்தால் சுற்றின் மீடிறன் கிடைக்கும். இத்தொடர்பின் அடிப்படையை, பின்னர் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1853ஆம் ஆண்டிலேயே கணித முறையாற் காட்டினார்.

ஆய்வுகூடத்திலிருந்து வீட்டு மேசைக்கு

மைக்கல் பரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டபோது அவர் கையிலிருந்தது இரும்பு வளையமொன்றிற் சுற்றிய கம்பிச்சுருளே. அதன்பின் மக்சுவெல் மின்காந்த அலைகள் இருத்தல் வேண்டும் என்று கணிதத்தால் நிறுவினார். 1886ஆம் ஆண்டிற்கும் 1888ஆம் ஆண்டிற்கும் இடையில் ஜேர்மனியின் கால்சுறூ நகரில் ஹைன்றிக் ஹேட்ஸ் அவ்வலைகளைத் தோற்றுவித்து, எதிரே வைத்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியில் எழுந்த பொறியினால் அவற்றின் இருப்பை மெய்ப்பித்தார். வளையத்தின் அளவு பொருந்தியபோதே பொறி நன்கு எழுந்தது. இசைவித்தல் என்னும் கருத்தின் முளையை அங்கேயே காணலாம். 1891இல் நிக்கொலா தெஸ்லா பரிவுடைய இரு சுருள்களைக் கொண்டு மிகையுயர் அழுத்தத்தைத் தோற்றுவித்தார். 1897இல் ஒலிவர் லொட்ஜ், அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும் ஒரே மீடிறனுக்கு இசைக்கப்படல் வேண்டும் என்னும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1900ஆம் ஆண்டில் மார்க்கோனி கோரிய 7777ஆம் இலக்கக் காப்புரிமையும் இவ்விசைவித்தல் பற்றியதே. லொட்ஜ், தெஸ்லா, ஜோன் ஸ்டோன் ஆகியோரின் முன்னைய பணிகளைக் காரணங்காட்டி, அதற்கிணையான அமெரிக்கக் காப்புரிமையின் முக்கிய கோரிக்கைகளை ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1943இற் செல்லாதன எனத் தீர்த்தது. அறிவு ஒருவர் தனியுடைமையாதல் எத்துணை அரிது என்பதற்கு இத்தீர்ப்பு சான்றாகும்.

இவ்வரலாற்றில் நம் அயலவர் ஒருவருக்கும் இடமுண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895இற் கம்பியில்லா அலைகளைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். கலீனா என்னும் ஈயக் கனியத்தின் பளிங்கு அலைகளை உணரும் கருவியாகும் என்று அவர் கண்டதற்கு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் வீடுகளிற் புகுந்த பளிங்கு வானொலியின் உயிர்நிலை அத்தகைய பளிங்கே.

பளிங்கு வானொலியின் அமைப்பு எளியது. வெளியே உயரத்திற் கட்டிய ஏரியல் கம்பி, நிலத்திற் புதைத்த புவியிணைப்பு, இவற்றிடையே கம்பிச்சுருளும் கொள்ளளவியும், பளிங்கைத் தொட்டு நிற்கும் மெல்லிய உலோக முனை, காதில் வைத்துக் கேட்கும் கருவி. இவ்வளவே. பற்றரி வேண்டியதில்லை, மின்னிணைப்பும் வேண்டியதில்லை. ஒலியை எழுப்பும் ஆற்றல் முழுவதும் நிலையத்திலிருந்து வரும் அலையிலிருந்தே பெறப்படுகின்றது. ஆகையால் வலுமிக்க நிலையத்திற்கு அண்மையில் வாழ்வோருக்கே அது பயன்படும். இவ்வெல்லை பின்னர் நம் வரலாற்றில் எவ்வாறு குறுக்கிட்டது என்பதைக் கீழே காண்போம்.

கொழும்பில் வானொலியின் தோற்றம்

1921இல் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் கொழும்புக்கு வந்தார். ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வயர்லஸ் கழகத்தை அவர் தொடங்கினார். அவருடைய முயற்சியால் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகள் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டன. அதற்குப் பயன்பட்ட செலுத்தி கடைகளில் வாங்கியதன்று. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் தாமே ஆக்கிக்கொண்டது. கப்பல்களை மூழ்கடிக்கப் பயன்பட்ட கருவி பாட்டிசைக்கும் கருவியாயிற்று. இலங்கை வானொலியின் முதற் கருவியே பழம்பொருளிலிருந்து கையால் ஆக்கப்பட்ட ஒன்று என்பது நமது வாதத்திற்கு முக்கியமானது.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கி வைத்தார். ஒரு கிலோவாற்று வலுவுடைய மத்திய அலைச் செலுத்தி வெலிக்கடையில் இயங்கிற்று. இதுவே ஆசியாவின் முதல் நிலையம் எனச் சிலர் பெருமையோடு எழுதுவதுண்டு. வரலாற்று மாணவர் இத்தகைய கூற்றுக்களை ஆராயாது ஏற்றல் கூடாது. தோக்கியோவில் 1925 மார்ச்சிலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று 1924 மே மாதம் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு யூலை 31ஆந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் அதன் பணி நின்றபின், 1930இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. யார் முதல்வர் என்பதிலும், இரு நகரங்களிலும் அரசுக்கு முன்னர் கழகமும், தாபனத்திற்கு முன்னர் ஆர்வலர் கூட்டமும் தோன்றின என்பதே பொருளுடைய உண்மையாகும். தமிழரின் வானொலி வரலாறு அரசாணையிலிருந்து தொடங்கவில்லை. கம்பி சுற்றிய கைகளிலிருந்து தொடங்குகின்றது.

சுருளை ஆக்கலும் சோதித்தலும்

அக்கைத்தொழிலின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று அங்குல விட்டமுள்ள காகித அட்டைக் குழாயொன்றில் எனாமல் பூசிய செப்புக்கம்பியை இரண்டு அங்குல நீளத்திற்கு 55 சுற்றுக்களாக அமைத்தால், ஹரல்ட் வீலர் 1928இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி அதன் தூண்டுதிறன் ஏறத்தாழ 200 மைக்குரோ ஹென்றி ஆகும். இதனுடன் 40 முதல் 365 பிக்கோபரட் வரை மாற்றத்தக்க கொள்ளளவியைச் சேர்த்தால், சுற்றின் மீடிறன் ஏறத்தாழ 1780 கிலோஹேட்ஸிலிருந்து 590 கிலோஹேட்ஸ் வரை இறங்கும். கொள்ளளவம் ஒன்பது மடங்கானால் மீடிறன் மூன்றிலொன்றாகும். மத்திய அலைவரிசையின் பெரும்பகுதி இவ்வாறு ஒரு குமிழின் திருப்பலுக்குள் அடங்கிவிடுகின்றது.

மாறு கொள்ளளவி வாங்க இயலாதவர் சுருளின் மேற்புறத்தில் எனாமலை நீளவாட்டிற் சுரண்டி, அதன்மேல் உலோகத் தகடொன்றை நகர்த்தித் தொடும் சுற்றுக்களின் தொகையை மாற்றி இசைவித்துக் கொள்வர். ஏரியலைச் சுருளின் உச்சியில் நேரே பொருத்தினால் ஒலி வலுவாகும். ஆயின் அயல் நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஏரியலுக்கெனச் சில சுற்றுக்கள் கொண்ட தனிச்சுருளைச் சற்று விலக்கி வைத்தால் ஒலி குறையும். ஆயின் நிலையங்கள் தெளிவாகப் பிரியும். வலுவும் தெளிவும் ஒருங்கே கிட்டுவதில்லை. ஒரே நிலையம் மட்டும் இருந்த 1925ஆம் ஆண்டில் இச்சிக்கல் பெரிதாகத் தோன்றியிராது. நிலையங்கள் பெருகியபோது அதுவே தலையாய சிக்கலாயிற்று.

கடற்காற்று வீசும் நகரில் ஈரம் மற்றுமொரு பகை. பருத்திநூல் சுற்றிய கம்பியும் காகித அட்டையும் ஈரத்தை உறிஞ்சினால் ஆற்றல் அவற்றில் வீணாகி, பரிவின் கூர்மை மழுங்கும். அதனாலேயே சுருளை வெயிலில் அல்லது இளஞ்சூட்டில் நன்கு உலர்த்தி மெழுகிடும் வழக்கம் உண்டாயிற்று. செய்த சுருளைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மீடிறன் தெரிந்த நிலையமொன்றைப் பிடித்துக் குமிழின் கீழ் ஒட்டிய தாளிற் கோடிடுவர். மற்றொரு நிலையத்தைப் பிடித்து இன்னொரு கோடிடுவர். இடைப்பட்டவற்றைக் கணக்கால் நிரப்புவர். செலுத்தியைச் சோதிப்போர் சிறு மின்குமிழ் பொருத்திய இன்னொரு சுருட்சுற்றை அருகே பிடிப்பர். இரண்டும் ஒரே மீடிறனுக்கு வந்தவுடன் குமிழ் ஒளிரும். ஊகித்தல், அளத்தல், பிழை காணல், திருத்தல் என்னும் விஞ்ஞான முறையின் படிகள் அனைத்தும் இவ்வீட்டு மேசையில் அடங்கிவிடுகின்றன.

குமிழைத் திருப்பும் உரிமை

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைகளுக்கென அமைந்த சீக் வானொலி கொழும்பிலிருந்து இயங்கிற்று. அதன் வலுமிக்க சிற்றலைச் செலுத்தி உள்ளிட்ட உடைமைகள் 1949இல் இலங்கை அரசிடம் வந்தன. இலங்கை வானொலியின் பொற்காலம் அதனோடு தொடங்கியது எனலாம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை விலக்கியபோது, இந்திய நேயர்கள் மனுப்போடவுமில்லை, ஊர்வலம் போகவுமில்லை. குமிழைத் திருப்பிக் கொழும்பைக் கேட்டனர். எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்து இல்லங்களிற் பழகிய குரலாயிற்று. ஐந்தாண்டுகளின் பின், 1957 ஒக்டோபர் 3ஆந் தேதி, விவித பாரதி தொடங்கப்பட்டது. ஓர் அமைச்சின் கொள்கை பரிவுச் சுற்றின் முன் பணிந்தது என்று கூறின் மிகையாகாது. அனுப்புவோன் எதை அனுப்பினும், எதனோடு இசைவது என்பதைக் கேட்போனே தீர்மானிக்கின்றான்.

ஆயினும் இவ்வுரிமை ஒருபாற்பட்டது. கேட்கும் சுற்றைச் செய்வோனுக்கும் அனுப்பும் சுற்றைச் செய்வோனுக்கும் பௌதிகத்தில் வேறுபாடு சிறிது. சட்டத்தில் அது மலையளவு. அலைவரிசை அனைவர்க்கும் பொதுவாதலால் அனுப்புவோர் அனுமதி பெறவேண்டும் என்பது நியாயமே. இந்நாட்டில் இன்று அதனை ஒழுங்குசெய்வது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமாகும். அனுமதி பெற்று இயங்கும் ஆர்வலர் வானொலியாளரின் அழைப்புக்குறி '4எஸ்7' என்று தொடங்கும். 2004 டிசம்பரிற் கடல் பொங்கித் தெற்குக் கரையின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்குமிடையே செய்தி கடத்தியோருள் அவர்களும் இருந்தனர். பொழுதுபோக்கு என்று இகழப்பட்ட கல்வி அன்று உயிர்காக்கும் பணிக்கு உதவிற்று.

புறக்கோட்டையும் குடாநாடும்

கொழும்பிற் கம்பியும் கருவியும் தேடுவோர் கால்கள் புறக்கோட்டைக்கே செல்லும். செட்டியார் தெருவுக்குப் பொன்னும் கெய்சர் வீதிக்குத் துணியும் எவ்வாறோ, அவ்வாறே முதலாம் குறுக்குத் தெருவுக்கு மின் உபகரணங்கள். 1970ஆம் ஆண்டிற்கும் 1977ஆம் ஆண்டிற்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. புதியது வாராத காலத்திற் பழையதைத் திருத்துவோனே நாயகன். எரிந்த சுருளை அவிழ்த்துச் சுற்றுக்களை எண்ணி மீளச்சுற்றும் கைத்திறன் அத்தகைய காலத்தில் உயர்மதிப்புப் பெறுதல் இயல்பு. 1977இன் பின் தாராள இறக்குமதியும் மலிவான திரான்சிற்றர் வானொலிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் வந்தபோது அம்மதிப்பு சரிந்தது. 1983 யூலையில் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. கடை எரிந்தால் சரக்கு மட்டும் எரிவதில்லை. கணக்கேடும், குறிப்புப் புத்தகமும், ஒரு தொழிலின் நினைவும் உடன் எரிகின்றன. பட்டறை மேசையில் வளர்ந்த அறிவுக்கு ஆவணம் அருகிப்போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1990 யூனின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. ஆனால் செய்தி கேளாது எவ்வாறு வாழ்வது? உறவினர் ஓரிடம், தாம் ஓரிடம்; எத்திசையிற் குண்டு விழும், எப்பாதை திறக்கும் என்பதறியாத காலம் அது. மேலே குறிப்பிட்ட எல்லை இங்கேதான் குறுக்கிட்டது. பற்றரி வேண்டாத பளிங்கு வானொலிக்கு அருகே வலுமிக்க நிலையம் வேண்டும். இலண்டனிலிருந்து சிற்றலையில் வரும் தமிழோசையின் நலிந்த அலைக்குப் பெருக்கம் வேண்டும். பெருக்கத்திற்கு மின் வேண்டும். மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை வானொலியுடன் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். டைனமோ தரும் ஆடலோட்டத்தை இருவாயியால் ஒருதிசைப்படுத்திக் கொள்ளளவியாற் சமன்செய்தனர். மிதி தளர்ந்தால் குரலும் தளரும். காந்தத்தின் அருகே ஒரு செப்புச்சுருள்: பரடே 1831இற் கண்ட உண்மையே அம்முற்றங்களிற் சுழன்றது. மிதித்த கைகளும் கால்களும் எந்தப் பௌதிக நூலிலும் இடம்பெறவில்லை. எந்த வரலாற்று நூலிலும் உரிய இடம் பெறவில்லை.

வரலாற்று மாணவர் கடமை

தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க முனைந்த தலைமுறை நமக்குப் பரிவு, மீடிறன், தூண்டுதிறன் என்னும் சொற்களை ஆக்கித் தந்தது. அச்சொற்களை நாம் வினாத்தாளில் எழுதி மறக்கின்றோம். பட்டறையிலோ கம்பி உண்டு, கைத்திறன் உண்டு. அவற்றைப் பதியும் எழுத்து இல்லை. சொல் ஓரிடத்திலும் செயல் ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் சமுதாயத்தில் அறிவு வேரூன்றாது. சுருளும் கொள்ளளவியும் தனித்தனியே கிடப்பின் ஊசல் இல்லை. இணைந்தபோதே பரிவு பிறக்கின்றது.

ஆகவே கலைப்பீட மாணவராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வானொலி திருத்திய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். டைனமோ மிதித்தோர் நம் பெற்றோராகவே இருக்கின்றனர். அவர்கள் எக்கம்பியை எங்கே பெற்றனர், எத்தனை சுற்றுச் சுற்றினர், முதன்முதல் எக்குரலைக் கேட்டனர் என்பவற்றை அவரவர் வாய்மொழியிலே பதிந்து, பெயரும் ஊரும் அவர்கள் விருப்பத்தின்படி குறித்து, நூலகங்களிற் சேர்த்து வைத்தல் வேண்டும். பொறியியற்பீட மாணவர் அக்கருவிகளை மீளச் செய்து சோதிப்பாராயின் அப்பதிவு முழுமை பெறும். அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டு உண்டு. இவ்வெளியோர் வரலாற்றுக்கு அவர்தம் நினைவையன்றி வேறு சான்றில்லை. அந்நினைவு நம் தலைமுறையோடு அற்றுப்போகுமாயின், பின்வருவோர் அதனைத் தேடிப் பெறுதற்கு வழியே இராது.